கால் போன பின்னும் காக்கப்பட வேண்டிய உயிர்

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். சர்க்கரை நோயால் அழுகிய காலை மருத்துவர் அகற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், அவ்வீட்டாருக்கு நாம் கூறும் ஆறுதலும் பெரும்பாலும் இதுவே. “கால்தானே போயிற்று, ஆள் பிழைத்தாரே!” என்கிறோம். நல்லெண்ணத்தோடு கூறப்படும் சொல்தான். ஆயினும் அது பாதி உண்மையே. கணுக்காலுக்கு மேல் காலை அகற்றும் பெரிய அறுவைக்கு உள்ளானவர், அறுவைக் கூடத்திலிருந்து உயிருடன் வெளியே வந்த அந்நேரத்தில் ஆபத்தைக் கடந்துவிடுவதில்லை. அடுத்த முப்பது நாட்களும், அடுத்த ஓராண்டும், ஏன், அதற்குப் பின்வரும் சில ஆண்டுகளும்கூட அவருக்கு உயிர்ப் போராட்டக் காலமே. சர்க்கரை நோயாலோ இரத்தக்குழாய் அடைப்பாலோ இவ்வாறு காலை இழப்போருள் ஏறத்தாழப் பாதிப்பேரோ அதற்கு மேலானவர்களோ ஐந்தாண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றனர் எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. புற்றுநோய் வகைகள் பலவற்றைவிடக் கொடிய கணக்கு இது.

வாசகரை அச்சுறுத்துவதற்காக இதனைக் கூறவில்லை. மாற்றக்கூடிய கணக்கு என்பதனாலேயே கூறுகிறோம். மருத்துவமனை செய்ய வேண்டியது ஒரு பங்கு. வீட்டார் செய்ய வேண்டியது மற்றொரு பங்கு. இவ்விரண்டாம் பங்கைப் பற்றி நம் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பார் குறைவு. 2023இல் வெளியான தேசிய ஆய்வொன்று நம் நாட்டில் சர்க்கரை நோயாளர் பத்துக் கோடிக்கு மேல் உள்ளனர் என்று கணித்தது. ஆதலின் இது எங்கோ யாருக்கோ நேரும் துன்பமன்று.

உயிரைக் குடிப்பது எது?

முற்காலத்தில் அறுவைக்குப்பின் புண் சீழ்பிடித்தே மக்கள் மாண்டனர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறுவை மருத்துவராய் விளங்கிய ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணையும் கருவிகளையும் தூய்மை செய்யும் முறையை 1865இல் தொடங்கினார். அதற்குமுன் அவர் உறுப்பு நீக்கிய 35 பேரில் 16 பேர் இறந்தனர். அதன்பின் 40 பேரில் இறந்தவர் 6 பேரே. 1870இல் அவரே வெளியிட்ட கணக்கு இது. இன்று மயக்க மருந்து, இரத்தம் ஏற்றுதல், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து யாவும் உள்ளன. அவ்வாறிருந்தும் நோயாளர் இறப்பானேன்?

விடை எளியது. கால் நோயுற்ற இடமன்று. நோய் வெளிப்பட்ட இடம். காலுக்குச் செல்லும் இரத்தக்குழாயை அடைத்த அதே கொழுப்புப் படிவு, இதயத்திற்கும் மூளைக்கும் செல்லும் குழாய்களிலும் படிந்திருக்கிறது. சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்திருக்கிறது. வாரக்கணக்கில் புண்ணோடும் காய்ச்சலோடும் உணவு செல்லாமல் கிடந்த உடல் எலும்பும் தோலுமாகிவிடுகிறது. அவ்வுடலின்மேல் ஒரு பெரிய அறுவை! மாரடைப்பு, நுரையீரல் அழற்சி, சிறுநீரகச் செயலிழப்பு, இரத்தத்தில் கலந்த நச்சு ஆகியவையே இவர்களின் உயிரைக் கொள்கின்றன. லாரி மோதிக் கால் நசுங்கிய இளைஞனின் நிலை இதனின் வேறு. அவன் இதயம் உறுதியானது. இரத்தப் பெருக்கை அடக்கி முதல் சில நாட்களைக் கடத்திவிட்டால் அவனுக்கு நீண்ட ஆயுள் உண்டு. நம் கட்டுரை பெரிதும் முதலாமவரைப் பற்றியது.

இச்சாவுகளை ஊன்றி ஆராய்ந்த நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. சிகிச்சைக்குப் பின் நேரும் இறப்புகளை இரகசியம் காத்து விசாரிக்கும் தேசியக் குழு ஒன்று அங்குண்டு. கால் நீக்கம் பற்றி அக்குழு 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறத்தாழ எட்டு நோயாளருக்கு ஒருவர் 30 நாட்களுக்குள் இறந்தார். இதனைக் குறைக்கும் வழியாக அக்குழு புதுமையான மருந்து எதனையும் பரிந்துரைக்கவில்லை. அறுவை மருத்துவர், சர்க்கரை நோய் மருத்துவர், மயக்க மருத்துவர், உடற்பயிற்சி அளிக்கும் பிசியோதெரபி வல்லுநர், செவிலியர் அனைவரும் ஒரு குழுவாகக் கூடி நோயாளியைக் கவனிக்க வேண்டும். அறுவையை நள்ளிரவு அவசரத்தில் செய்யாமல், பகலில், முன்கூட்டித் திட்டமிட்டு, அனுபவம் மிக்கவர் கையால் செய்ய வேண்டும். அதே வேளையில் முடிவு செய்தபின் 48 மணி நேரத்திற்கு மேல் காரணமின்றித் தள்ளிப்போடலாகாது. இவையே அதன் சாரம். சொல்லுவதற்கு எளியவை, நம் ஊர்ப் பெரிய மருத்துவமனையின் நெரிசலில் செய்வதற்கு அரியவை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த இரண்டு நாட்களில் நடப்பது வெறும் காத்திருத்தல் அன்று. சர்க்கரை அளவு கட்டுக்குள் கொணரப்படுகிறது, உடலில் வற்றிய நீர் ஈடுசெய்யப்படுகிறது, இதயம் சோதிக்கப்படுகிறது, சீழ் தேங்கியிருப்பின் அது மட்டும் உடனே திறந்து வெளியேற்றப்படுகிறது. நச்சு உடலெங்கும் பரவிவிட்டவர்க்கோ இரண்டு நாள் தவணையும் இல்லை. அவருக்கு அன்றே அறுவை. எது எவருக்கு என்பதை மருத்துவர் அறிவார்.

கையொப்பம் இடாத ஒன்பது நாட்கள்

மருத்துவமனையின் தாமதத்தைவிட வீட்டின் தாமதமே நம்மிடையே மிகுதி எனத் தோன்றுகிறது. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. ஓய்வு பெற்ற ஆசிரியர். பாதம் கறுத்து, விரல்கள் காய்ந்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று மருத்துவர் கூறினார். மூத்த மகனுக்குத் துணிவு வரவில்லை. தம்பி குவைத்திலிருந்து வரட்டும் என்றான். அத்தை ஒருத்தி எண்ணெய் வைத்தியரை அழைத்துவந்தாள். மருமகள் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே நின்று, “இன்னும் இரண்டு நாள் பார்ப்போமே, மாமா” என்றபோது அம்முதியவர் கூறினார்: “கால் என்னுடையது, அம்மா. நான் சரி என்கிறேன். நீங்கள் எல்லோரும் யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?”

ஒன்பதாம் நாள் இளைய மகன் வந்து சேர்ந்தான். அதற்குள் அழுகல் மேலேறிவிட்டது. தொடையில் வெட்ட வேண்டியதாயிற்று. அவர் பிழைத்தார். ஆயினும் தொடையில் காலை இழந்தவர், கீழே இழந்தவரைப்போல் எளிதில் எழுந்து நடப்பதில்லை. அன்பினாலேயே அவருடைய முழங்கால் போயிற்று எனலாம்.

கையொப்பம் இடுமுன் மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்விகள் உண்டு. இரத்தக்குழாய் வல்லுநர் பார்த்தாரா? அடைப்பை நீக்கியோ மாற்றுக் குழாய் பொருத்தியோ காலுக்கு இரத்தம் செலுத்த வழியில்லையா? முழங்காலைக் காப்பாற்ற இயலுமா? இவற்றைத் தயங்காமல் கேட்கலாம். நல்ல மருத்துவர் சினங்கொள்ளார். விடை கிடைத்தபின் நாளைக் கடத்துவதற்கு மட்டும் நியாயம் இல்லை. நோயாளி தெளிவான நினைவோடு இருப்பின் முதலில் அவரைத்தான் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் வெளியே தாழ்வாரத்தில் நின்று பேசி முடிப்பது நம் வீடுகளில் ஊறிவிட்ட பழக்கம்.

முழங்காலை இத்துணை வற்புறுத்துவது ஏன்? செயற்கைக் காலோடு நடப்பதற்கு, இரு கால் உள்ளவரைவிட மிகுதியான சக்தி செலவாகிறது. முழங்காலுக்குக் கீழே இழந்தவருக்கு இது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடுதல் எனின், தொடையில் இழந்தவருக்குப் பாதிக்கும் மேல். நலிந்த இதயம் அச்சுமையைத் தாங்குமா? முழங்கால் தப்பிய முதியோருள் பலர் செயற்கைக் காலோடு தெருவரை நடக்கின்றனர். தொடையில் இழந்த முதியோருள் பலர் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையிலேயே நின்றுவிடுகின்றனர். இங்கிலாந்தின் பதிவேடுகளிலும் தொடை அறுவைக்குப் பின்னுள்ள இறப்பு மற்றதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. தொடையில் வெட்டப்படுவோர் முன்னரே மிகவும் நலிந்தவர் என்பதும் அதற்கு ஒரு காரணம் எனக் கொள்ளல் வேண்டும்.

தலையணை செய்யும் தீமை

இனி வீட்டாரின் பங்கு. அறுவைக்குப்பின் எஞ்சும் குறைக்காலைக் கண்டதும் அன்புள்ள மனைவியோ மகளோ முதலில் செய்வது, அதன்கீழ் ஒரு மெத்தென்ற தலையணையை வைப்பதுதான். நோயாளிக்கும் அது இதமாக இருக்கிறது. ஆனால் மடங்கிய நிலையிலேயே நாட்கணக்கில் கிடக்கும் முழங்காலும் இடுப்பும் அந்நிலையிலேயே இறுகிவிடுகின்றன. பிறகு எத்துணை விலையுயர்ந்த செயற்கைக் காலும் அதில் பொருந்தாது. ஆகவே குறைக்கால் நீட்டியே கிடக்கட்டும். நாள் முழுவதும் நாற்காலியில் முழங்காலை மடக்கித் தொங்கவிட்டு அமர்தலும் ஆகாது. இதயமும் மூச்சும் இடங்கொடுப்பின், மருத்துவரின் இசைவோடு நாள்தோறும் சிலமுறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடமளவு, குப்புறப் படுத்தல் மிக நன்று. இடுப்பு மடங்கிப் போகாமல் அது காக்கும்.

காயம் ஆறத் தொடங்கி மருத்துவர் அனுமதித்தபின் கிரேப் பாண்டேஜ் என்னும் இழுவைத் துணியால் குறைக்காலைச் சுற்றுவர். வீக்கம் வடிந்து, செயற்கைக் காலுக்குள் நுழையும் வடிவத்தைக் குறைக்கால் பெறுவது இதனாலேயே. சுற்றும் முறையை மருத்துவமனையிலேயே வீட்டார் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். எட்டு என்னும் எண்ணின் வடிவில் குறுக்கும் நெடுக்குமாக, நுனியில் சற்று இறுக்கமாகவும் மேலே செல்லச் செல்லத் தளர்வாகவும் சுற்றவேண்டும். மூட்டையின் வாயைக் கட்டுவதுபோல் மேலே இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நுனி வீங்கும். ஆறிய காயமும் பிரியும். துணி நழுவினால் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றுதல் வேண்டும். மேலேயே இன்னொரு சுற்று போட்டு ஒப்பேற்றக் கூடாது.

எழுந்து உட்காருதல் தாமதமின்றித் தொடங்கட்டும். படுத்தே கிடப்பவருக்கு நுரையீரலில் சளி கட்டும். மற்றக் காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும். நல்ல காலின் குதிகாலில் படுக்கைப் புண் வரும். இக்கடைசி ஒன்றினாலேயே இரண்டாம் காலையும் இழந்தோர் உண்டு. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுதல் ஒரு காசும் செலவில்லாத வைத்தியம். முட்டை, மீன், பருப்பு, பயறு ஆகியவை புண் ஆறுவதற்கு வேண்டியவை. சிறுநீரகக் கோளாறு இருப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. அறுவை ஆன உடம்பு என்று வெறும் கஞ்சியையே வாரக்கணக்கில் கொடுத்துவரும் வீடுகள் இன்றும் உண்டு.

விழுதலைப் பற்றியும் ஒரு சொல். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழும் நோயாளி, தூக்கக் கலக்கத்தில், கால் இருப்பதாகவே எண்ணி அதனை ஊன்றி விழுந்துவிடுகிறார். ஆறிவந்த காயம் பிளந்துவிடுகிறது. இரவில் சிறு விளக்கு எரியட்டும். சிறுநீர்க் கலம் கையெட்டும் தொலைவில் இருக்கட்டும். கால் இல்லாத பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்தால் அதுவே அவருக்கு நினைவூட்டும். தரையோடு அமைந்த கழிப்பிடம் உள்ள வீட்டில், நடுவே துளையிட்ட நாற்காலி ஒன்றை அவர் வீடு திரும்புமுன்பே ஏற்பாடு செய்தல் வேண்டும்.

இன்னொரு பிழை, மாத்திரைகளை நிறுத்திவிடுதல். “காலே போய்விட்டது, இனி இரத்தக்குழாய்க்கு மாத்திரை எதற்கு?” என்கிறார்கள். இரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின் போன்ற மருந்தும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தும் போன காலுக்காகக் கொடுக்கப்படுவன அல்ல. இருக்கும் இதயத்திற்காகவும் மறு காலுக்காகவும் கொடுக்கப்படுவன. பீடி, சிகரெட்டைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதனை விடாதவர்க்கு மற்ற எல்லாச் சிகிச்சையும் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர்.

இல்லாத காலில் வலி

அகற்றப்பட்ட காலின் பெருவிரல் எரிகிறது, பாதம் முறுக்குகிறது என்று நோயாளி கூறுவார். கேட்போர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். மனம் பேதலித்துவிட்டதோ என்ற ஐயம் அவருக்கே எழும். ஆகவே சொல்லாமல் அடக்கிக்கொள்வாரும் உண்டு. இது பைத்தியமன்று, பேய்க்கோளாறுமன்று. மூளையில் அக்காலுக்கு உரிய இடம் இன்னும் விழித்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காலையும் கையையும் இழந்த வீரரிடம் இவ்வலியைக் கண்ட மருத்துவர் வெயர் மிட்செல், 1871இல் அதற்கு மாய உறுப்பு என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

இவ்வலிக்கு எளிய வழி ஒன்றைக் கண்டவர் நம்மவர் என்பது நமக்குப் பெருமை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஆய்வு நடத்திய வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் கண்ணாடி ஒன்றை இதற்குப் பயன்படுத்தினார். இருக்கும் உறுப்பின் பிம்பம், இல்லாத உறுப்பின் இடத்தில் தெரியுமாறு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, நல்ல உறுப்பை மெல்ல அசைக்கச் சொன்னார். இல்லாத உறுப்பு அசைவதாக மூளை காண்கிறது. இறுகிய பிடி தளர்ந்ததாகப் பலர் உணர்ந்தனர். கால் இழந்த அமெரிக்கப் படைவீரரிடம் இதனைச் சோதித்த சிறிய ஆய்வு ஒன்று 2007இல் வெளியாயிற்று. கண்ணாடி முன் பயின்றோருக்கு வலி தணிந்தது. எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. நரம்பு வலிக்கென மருந்துகளும் உள்ளன. எதுவாயினும், வலியை முதலில் நம்பிக் கேட்கும் ஒருவர் வீட்டில் வேண்டும்.

மனச்சோர்வோ மருந்துச்சீட்டில் எழுதப்படாத நோய். உண்ண மறுத்தல், எவரையும் பார்க்க விரும்பாமை, “நான் பாரமாகிவிட்டேன்” என்று ஓயாது கூறுதல் முதலியன தொடருமாயின் அதனையும் மருத்துவரிடம் சொல்லுக. அளவுக்கு மீறிய பணிவிடையும் கேடே. தண்ணீர்ச் செம்பையும் கையில் கொடுத்து, “நீங்கள் அசையாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கூறும் பிள்ளைகள், தம்மை அறியாமலே தந்தையைக் கட்டிலோடு கட்டிவிடுகின்றனர். காய்கறி நறுக்கட்டும், பேரனுக்குப் பாடம் சொல்லட்டும், வீட்டுக் கணக்கை எழுதட்டும்.

மீண்டும் எழுந்து நிற்றல்

1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூர் நகரில், எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் சேர்ந்து ஒரு பாதத்தை உருவாக்கினர். மேனாட்டுச் செயற்கைக் கால் காலணியோடு நாற்காலியில் அமர்வோர்க்கு ஏற்றது. நம் மக்களோ வெறுங்காலில் வயலில் நடப்போர், சம்மணமிட்டு உண்போர், குந்தி அமர்வோர். இரப்பரால் ஆன ஜெய்ப்பூர்க் கால் இவை யாவற்றிற்கும் வளைந்து கொடுத்தது; சேற்றிலும் நீரிலும் நடந்தது. 1975இல் அந்நகரில் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி என்னும் அமைப்பு இதனை இலவசமாகவே வழங்கிவருகிறது. 1981இல் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த பேருந்து விபத்தின் விளைவாக ஒரு காலை இழந்த நடனமணி சுதா சந்திரன், இக்காலைப் பொருத்திக்கொண்டு மீண்டும் மேடையேறியதை மூத்த வாசகர் நினைவு கூர்வர். அவருடைய கதையே ‘மயூரி’ என்னும் தெலுங்குப் படமாயிற்று. அதில் நடித்தவரும் அவரே.

எழுபது வயது சர்க்கரை நோயாளி நடனமாட வேண்டியதில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குத் தாமே சென்றுவர இயன்றால் அதுவே அவருக்கு மேடை. இதயம் தாங்காது என மருத்துவர் கூறின் சக்கர நாற்காலியே ஏற்றது. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. சென்னையில் கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் செய்து நடைப் பயிற்சியும் தருகின்றனர்.

எஞ்சிய காலைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. ஒவ்வோர் இரவும் வீட்டார் ஒருவர் விளக்கின் முன் அப்பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் பார்க்க வேண்டும். வெந்நீரின் சூட்டைக் கையால் பார்த்தபின்பே காலில் ஊற்றவேண்டும். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு, சுடுகின்ற தார்ச்சாலையில் வெறுங்காலில் நடக்கும் சர்க்கரை நோயாளர் நம்மிடையே உள்ளனர். உள்ளங்கால் வெந்து கொப்பளிப்பதும் அவர்கள் அறியாதது. பங்குத் தந்தையரும் நடைப்பயணக் குழுத் தலைவரும் அவர்களைச் செருப்பணிந்து நடக்கச் சொல்லுவது, ஒரு காலைக் காப்பதற்கு ஒப்பாகும்.

செயற்கைக் கால் பொருத்துதல் பொதுவாக, காயம் நன்கு ஆறி வீக்கம் வடிந்தபின், சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் தொடங்குகிறது. முதலில் கொடுத்த கால் சில திங்களில் தொளதொளவென்று ஆகிவிடும். செய்தவர் குற்றமன்று அது. குறைக்கால் சுருங்கிக்கொண்டே வருவதால் நேர்வது. கூடுதலாக ஓர் உறை அணிந்தும் சரிப்படாவிடின் மறுபடியும் அளவெடுக்கச் செல்ல வேண்டும். இரண்டாம் பயணத்திற்குப் பேருந்துச் செலவும் உடன் வர ஆளும் இல்லாமையால், பெற்ற காலைப் பரணில் போட்டுவிட்டு மூலையில் அமர்ந்துவிட்டோர் பலர். வின்சென்ட் தே பவுல் சபையினர் தம் பங்கில் அத்தகையோர் எவரேனும் உளரா என விசாரித்து, அந்த இரண்டாம் பயணத்திற்கு உடன் செல்லலாம்.